ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது: ஊர் எப்படி, மண்டி எப்படி?

பூங்கொடி

எல்லோருக்கும் வணக்கம். வங்கியில் வேலை பார்க்கிறேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். இவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. மகள் ஆறாம் வகுப்பு போகிறாள். பழனிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்த ஊரைப் பார்த்ததோடு சரி. யாரைக் கேட்டாலும் "பெரிய காய்கறி மார்க்கெட்" என்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.

வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? தண்ணீர் எப்படி? ராத்திரி லாரிச் சத்தம் இருக்குமாமே? இன்னொன்று, கிளையில் விவசாயக் கடன்தான் என் மேஜைக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நெல்லும் கரும்பும். காய்கறி போடுகிறவர்களிடம் பணம் எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கமிஷன்கடை வாரிசு

வாங்க மேடம். நான் உள்ளூர்க்காரன். அப்பா காந்தி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார், கணக்கு என் பொறுப்பு.

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மார்க்கெட்டை ஒட்டிய தெருக்கள் வேண்டாம். லாரிச் சத்தமாவது பழகிவிடும், அழுகின காயின் வாடை பழகாது. மழை நாளில் முட்டைக்கோஸ் இலை மிதிபட்டுக் கிடக்கும்போது வந்து பாருங்கள், தெரியும். தாராபுரம் ரோடு, பழனி ரோடு இரண்டிலும் உள்ளே தள்ளிப் போனால் நல்ல வீடுகள் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பரப்பலாறு அணையில் தண்ணீர் இருக்கிறவரை கவலை இல்லை, கோடை நீண்டால் குழாயில் தண்ணீர் வரும் நாள் தள்ளிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி 1955-லிருந்து இங்கே இருக்கிறது. திண்டுக்கல் ஒரு மணி நேரம், பழனி அதைவிடப் பக்கம்.

அப்புறம், எங்கள் ஊருக்கு மத்தியானம்தான் விடியும். காலையில் கடைவீதி தூங்கி வழியும். பத்து மணிக்கு மேல் மினி ஆட்டோ, டெம்போ, டிராக்டர் என்று சரக்கு வந்து இறங்க ஆரம்பிக்கும். கள்ளிமந்தையம், இடையகோட்டை, அம்பிளிக்கை, விருப்பாச்சி, கன்னிவாடி, தள்ளிப் போனால் மூலனூர், தாராபுரம் வரைக்கும் காய் இங்கேதான் வந்து சேரும். மத்தியானத்துக்கு மேல் விலை கூற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பொழுது சாய்ந்ததும் லாரிகள் உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் கிளம்பும். விடிவதற்குள் திருச்சூர், எர்ணாகுளம் என்று போய்ச் சேர வேண்டும். காயில் பெரும்பகுதி கேரளாவுக்குத்தான்.

எங்களுக்குத் தீபாவளி ஐப்பசியில் இல்லை, ஆவணியில். ஓணத்துக்கு முந்தின வாரம் மார்க்கெட்டில் யாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போக மாட்டார்கள். பூசணி, சேனை, பயறு, முருங்கை எல்லாம் கேட்ட விலைக்குப் போகும். திருவோணம் முடிந்த மறுநாள் ஊரே காலியாகக் கிடக்கும், கிரிக்கெட் ஆடலாம்.

காட்டுக்காரன்

வாரிசுத் தம்பி ஓணத்தைப் பற்றிச் சொன்னார். விலை விழுந்து கிடக்கும் பங்குனி சித்திரை பற்றிச் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

மேடம், பணம் எப்படிப் புழங்குகிறது என்று கேட்டீர்கள். கள்ளிமந்தையம் பக்கம் எனக்கு நாலு ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளி போட்டவன் கையில் கடைசியில் என்ன நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மார்க்கெட்டில் கொடுக்கும் துண்டுச் சீட்டில் மேலே பேர், கீழே பெட்டி எண்ணிக்கை, விலை, அதற்கும் கீழே கழிப்பு வரிசையாக இருக்கும்.

முப்பது பெட்டி. பெட்டிக்கு 14 கிலோ. பெட்டி 120 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள், மொத்தம் 3,600. நூற்றுக்குப் பத்து கமிஷன், 360 போச்சு. இறக்குக் கூலி பெட்டிக்கு 5, அது 150. வண்டி வாடகை பெட்டிக்கு 15, அது 450. மீதி 2,640. காய் பறித்த நாலு பேருக்குக் கூலி 350 வீதம் 1,400. நிற்பது 1,240. முன்னால் மண்டியில் கடனாக வாங்கின பற்றில் கழிக்க 1,000 எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். கையில் 240 ரூபாய். நாற்று, உரம், மருந்து, குச்சி கட்டின கூலி எதையும் நான் இன்னும் சொல்லவே இல்லை.

இது கிலோ எட்டரை ரூபாய் விற்கும்போது. அதுவும் கிடைக்காத நாள் உண்டு, அப்போது பறிப்புக் கூலிக்கே கட்டுப்படியாகாது. மாட்டைப் பிடித்துக் காட்டுக்குள் விட்டுவிடுவோம்.

2023 ஜூலையில் சில்லறையில் கிலோ நூறைத் தாண்டியபோது ஊரெல்லாம் "தக்காளிக்காரன் கோடீஸ்வரன்" என்று பேசிக்கொண்டார்கள். அந்த மாதம் காட்டில் காய் வைத்திருந்தவன் எத்தனை பேர்? அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் தக்காளி நட்டார்கள், ஆவணி புரட்டாசியில் விலை எங்கே போய் விழுந்தது என்று அவர்களிடம் கேளுங்கள்.

சித்தூர் வேலன்

நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கேரளாவுக்காகக் காய் வாங்கிப் போட்டவன். வாங்குகிறவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா.

ஒட்டன்சத்திரத்துக்கு நாங்கள் வருவதற்கு ஒரே காரணம், ஒரு லாரிக்குள் முழுச் சாம்பாரும் கிடைக்கும். முருங்கை, வெண்டை, கத்தரி, பூசணி, பீர்க்கன், புடலை, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் ஒரே கேட்டுக்குள். வேறு இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஊராகச் சுற்ற வேண்டும். விலை ஐம்பது காசு கூட இருந்தாலும் அந்த அலைச்சல் மிச்சம்.

மண்டிக்காரர்களில் பலருக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஏலத்தில் "மதி, மதி" (போதும், போதும்) என்று எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். தமிழில் விலை கூறி, மலையாளத்தில் பேரம் பேசி, கணக்கைத் தமிழில் எழுதி, வசூலுக்கு மறுபடி மலையாளத்தில் போன் வரும்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் உடனே பணம் கொடுப்பதில்லை. இன்று எடுத்த சரக்குக்கு அடுத்த வாரம், சில சமயம் அதற்கு அடுத்த வாரம். இடையில் விவசாயிக்குப் பணம் கொடுப்பது யார்? மண்டிக்காரர்தான்.

கமிஷன்கடை வாரிசு

வேலன் அண்ணே, நன்றி. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், வாங்குகிறவரே சொல்லிவிட்டீர்கள்.

காட்டுக்காரன் அண்ணன் எழுதிய சீட்டில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பத்து சதவீதம் எங்கே போகிறது என்பதைத்தான் அவர் எழுதவில்லை. கடை வாடகை, கணக்குப்பிள்ளை, எடை போடுகிறவர், டார்ச் பிடித்துக்கொண்டு லாரி ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். அதைவிடப் பெரிது வராக்கடன். 2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம் வந்ததே, ஓணத்துக்குச் சில நாள் முன்னால். ஓணச் சரக்குக்காக விவசாயிகளிடம் வாங்கி அனுப்பியாகிவிட்டது. ரோடு மூடிக் கிடந்தது, கடைகளுக்குள் தண்ணீர். வாங்கியவர்களில் சிலர் கடையையே இழந்தார்கள், அவர்களிடம் போய் எந்த முகத்தோடு பணம் கேட்பது? விவசாயிக்கு மட்டும் நாங்கள் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு எங்கள் பேரேட்டில் இன்னும் மூடப்படவில்லை.

2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்றபோதும் வங்கி வாசலில் வரிசை, மார்க்கெட்டில் துண்டுச் சீட்டு. எங்கள் கடைச் சீட்டைக் காட்டி உரக்கடையில் உரம் வாங்கினார்கள். மேடம், வங்கிக்காரர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

நவீன்_சென்னை

இத்தனை பேர் இடைத்தரகருக்கு வக்காலத்து வாங்குவது ஆச்சரியம். 1999-லேயே மதுரையில் உழவர் சந்தை தொடங்கியாகிவிட்டது. 2016-ல் இ-நாம் என்ற இணையவழி தேசிய வேளாண் சந்தை வந்துவிட்டது. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. போனில் விலை பார்த்து நேரடியாக விற்க முடியும் காலத்தில் எதற்கு ஒரு கடைக்காரருக்குப் பத்து சதவீதம்? விவசாயிகள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால் இந்த மண்டிகளே தேவையில்லை.

காட்டுக்காரன்

தம்பி நவீன், மண்டிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் நாங்கள் கேள்விப்படாத மாதிரிப் பேச வேண்டாம்.

உழவர் சந்தை நல்லதுதான். வீட்டுக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்குகிற இடம். ஒரே நாளில் நானூறு கிலோ தக்காளி பறிக்கிறவன் அங்கே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? காட்டில் யார் தண்ணீர் கட்டுவது?

விற்பனைக்கூடம் கொப்பரைக்கும் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அருமையாக நடக்கிறது. குடோனில் வைத்து, ஏலம் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த ஏலத்துக்கு வைக்கலாம். வெண்டைக்காயை அடுத்த ஏலத்துக்கு வைத்தால் மாட்டுக்குத்தான் போடலாம். காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும், அது தெரிந்துதான் வியாபாரி காத்திருக்கிறான். போனில் விலை பார்த்து என்ன செய்ய? விலை எவ்வளவு என்று எனக்கும் தெரியும். அந்த விலைக்கு இன்றைக்கே எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வாரிசுத் தம்பி சொன்ன வராக்கடன் உண்மை. ஆனால் ஓணத்தில் கிலோ 80-க்குப் போன முருங்கைக்கும் பத்து சதவீதம், பங்குனியில் 8 ரூபாய்க்குப் போன முருங்கைக்கும் பத்து சதவீதம். 8 ரூபாய் நாளில் நான் நஷ்டப்படுகிறேன், அவர் அன்றைக்கும் கமிஷன் எடுக்கிறார். கழிவு என்று எடையில் பிடிப்பதை யாரும் இங்கே பேசவில்லை, அது தனிக் கதை.

அம்பிளிக்கை ரமா

பூங்கொடி அக்கா கேட்டது ஊரைப் பற்றி, நீங்கள் எல்லோரும் கமிஷன் சண்டைக்குப் போய்விட்டீர்கள். அக்கா, நான் சொல்கிறேன்.

காய்கறி ஊர் என்பதால் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்து வராதீர்கள். நல்ல சரக்கு எல்லாம் லாரி ஏறிவிடும். பெட்டிக்கடையில் நாம் வாங்குவது அங்கிருந்து கழித்துப் போட்டது, சில நாள் திண்டுக்கல் விலையைவிடக் கூட. வழி ஒன்று இருக்கிறது. லாரி ஏற்றி முடிகிற நேரம், விளக்கு வைத்த பிறகு, மார்க்கெட் வாசலில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வளைந்த முருங்கை, வெடித்த தக்காளி, முற்றலும் பிஞ்சும் கலந்த வெண்டை. இருபது ரூபாய்க்கு ஒரு கூறு எடுத்தால் இரண்டு நாளைக்கு வரும். பேரம் பேசாமல் "இன்னும் ரெண்டு போடுங்கக்கா" என்று கேளுங்கள், போடுவார்கள். அந்தக் கடைகளை வைத்திருப்பது பாதிக்கு மேல் பகலில் உள்ளே தரம் பிரிக்கிற பெண்கள்தான்.

எங்கள் அம்மாவும் அந்த வேலை பார்த்தவர். மிளகாயைக் காம்போடு, காம்பு போனது என்று பிரிக்கிறவர்களுக்கு ராத்திரி கை எரிச்சலில் தூக்கம் வராது. நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, குழந்தையைத் தொடாமல் தள்ளிப் படுப்பார்கள். லாரி ஏற்றுகிற ஆண்களுக்குச் சங்கம் இருக்கிறது, கூலி பேசி வைத்திருக்கிறார்கள். தரம் பிரிக்கிற பெண்களுக்கு அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை. கமிஷன் நியாயமா அநியாயமா என்று பேசும்போது இவர்கள் எந்தப் பக்கத்துக் கணக்கிலும் வருவதில்லை.

சாப்பாடு பிரச்சினையே இல்லை. லாரிக்காரர்களுக்காகவே நடுராத்திரி வரை பரோட்டாக் கல் சூடாக இருக்கும். தைப்பூச சமயத்தில் மட்டும் பழனி ரோட்டுப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், திண்டுக்கல்லிலிருந்து பழனிவரை பாதயாத்திரைக் கூட்டம். மண்டிக்காரர்கள் வழியெல்லாம் அன்னதானம் போடுவார்கள். வாரிசு அண்ணன் கடையிலும் போடுவார்கள் என்று நினைக்கிறேன், தக்காளி சாதமா அண்ணா?

கமிஷன்கடை வாரிசு

சாம்பார் சாதம் ரமா. தக்காளி விலை பார்த்துத்தான் மெனு.

தாராபுரத்தான்

காய்கறி காய்கறி என்கிறீர்கள், செங்காந்தளை யாரும் சொல்லவில்லையே. மேடம், உங்கள் மேஜைக்கு வரப் போகும் கடன் மனுக்களில் கண்வலிக்கிழங்கு என்று பார்த்தால் திகைக்காதீர்கள். நம் மாநில மலர் அதேதான். இங்கே கள்ளிமந்தையம், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கம்பிப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதைக்காகத்தான். கோல்சிசின் என்று மூட்டுவலி மருந்துக்கு எடுப்பார்கள், பெரும்பாலும் ஏற்றுமதி. கிழங்கு விஷம், குழந்தைகளை அண்ட விடக் கூடாது.

காலையில் அந்தக் காட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம். பெண்கள் ஒவ்வொரு பூவாகப் பிடித்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவிட்டுப் போவார்கள். வெயில் ஏறிவிட்டால் காய் பிடிப்பது குறையும் என்று விடியும்போதே தொடங்கிவிடுவார்கள். பந்தலுக்கும் கிழங்குக்கும் முதல் வருடம் ஏக்கருக்குச் செலவு லட்சக்கணக்கில் ஆகும். விலை? வாங்குகிறவர்கள் நாலைந்து பேர்தான், அவர்கள் கூடிப் பேசிச் சொல்வதுதான் விலை என்பது எங்கள் பக்கத்துப் புலம்பல். ஒரு வருடம் ஏறும், அடுத்த வருடம் பாதாளம். அரசு குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனது. இதோடு பார்த்தால் காய்கறி மண்டி எவ்வளவோ தேவலை. அங்கே கூவிக் கூறும் விலையை எல்லோரும் காதால் கேட்கலாம்.

பூங்கொடி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ரமா, கூறுக்கடைத் தகவல் ஒன்றே போதும், இவர் இப்போதே சம்மதித்துவிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம், தவணையில் கட்டினால் மானியம் போக 4 சதவீதம்தான் வருகிறது. கூட்டுறவு சங்கத்தில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லை. இதெல்லாம் இருக்கும்போது மண்டியில் ஏன் பற்று வைக்கிறார்கள்? அங்கே வட்டி இதைவிடக் குறைவா?

காட்டுக்காரன்

வட்டியே இல்லை மேடம். அதுதான் விஷயம்.

மண்டியில் ஐம்பதாயிரம் பற்று வாங்கினால் வட்டி என்று ஒரு பைசா எழுத மாட்டார்கள். ஆனால் அது தீரும்வரை என் காட்டுக் காய் வேறு கடை வாசலை மிதிக்கக் கூடாது. பக்கத்துக் கடையில் பெட்டிக்கு இருபது ரூபாய் கூடப் போனாலும் நான் இங்கேதான் இறக்க வேண்டும். அந்த இருபது ரூபாயை என்னவென்று சொல்வீர்கள்? நான் வட்டி என்பேன், வாரிசுத் தம்பி விசுவாசம் என்பார்.

பிறகு ஏன் வாங்குகிறோம்? உங்களிடம் வர பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். என் பக்கத்துக் காட்டுக்காரன் குத்தகைக்குப் பயிர் செய்கிறான், நிலம் கோயமுத்தூரில் இருக்கிற ஒருத்தர் பேரில். அவனுக்கு எந்த வங்கி கொடுக்கும்? எனக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்று நட்டு இருபது நாள், ராத்திரி எட்டு மணிக்கு மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப் போனது. மறுநாள் தண்ணீர் கட்டாவிட்டால் செடி போச்சு. அந்த நேரத்தில் நான் யாருக்குப் போன் போடுவேன்? "அண்ணே, பன்னெண்டாயிரம் வேணும்" என்றால் "பையனை அனுப்பு" என்பார். மகள் சீருக்கு, அப்பா ஆபரேஷனுக்கு, பையன் காலேஜ் பீஸுக்கு, எல்லாவற்றுக்கும் அதே போன்தான்.

உங்கள் வங்கியில் மகள் கல்யாணத்துக்கு என்று உண்மையைச் சொல்லிப் பயிர்க்கடன் கேட்க முடியுமா? முருங்கைக்கு என்றுதான் எழுத வேண்டும்.

நவீன்_சென்னை

இதைத்தானே கொத்தடிமை என்கிறோம்?

கமிஷன்கடை வாரிசு

கொத்தடிமை என்ற வார்த்தையை அவ்வளவு லேசாக எடுக்க வேண்டாம் நவீன். கடை மாறுகிறவர்கள் வருடாவருடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதுக் கடைக்காரர் பழைய பற்றை அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிப் போய்விடுவார், எங்களுக்குள் அதற்கே போட்டி. நல்ல முருங்கைக்காரர் ஒருவரைப் பிடித்துவைக்க அப்பா எத்தனை காதுகுத்து, எத்தனை கிடாவெட்டுக்குப் போய் மொய் எழுதியிருக்கிறார் தெரியுமா? யாருக்கு யார் அடிமை என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

காட்டுக்காரன் அண்ணன் சொன்ன இருபது ரூபாயை மறுக்கவில்லை. அது உண்டு. அது இல்லாவிட்டால் வட்டியில்லாமல் யார் கொடுப்பார்கள்?

நெறியாளர்

நவீன், எதிர்க்கருத்து தாராளமாக எழுதலாம். தொழிலைச் சொல்லி ஒட்டுமொத்தமாக முத்திரை குத்த வேண்டாம். தொடருங்கள்.

சித்தூர் வேலன்

உற்பத்தியாளர் நிறுவனம் பற்றி நவீன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 2015-ல் கேரளாவில் பூச்சிமருந்து எச்சம் என்று தமிழ்நாட்டுக் காய்க்குக் கெடுபிடி வந்தபோது எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: இந்தப் பெட்டி எந்தக் காட்டில் இருந்து வந்தது, என்ன மருந்து, எத்தனை நாள் முன்னால் அடித்தது என்று சொல்ல ஓர் ஆள். மண்டியில் பத்துக் காட்டுக் காய் ஒரே குவியலில் கலந்துவிடும், யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய கூட்டம் ஒன்று இருந்தால் நாங்கள் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து நேராக எடுப்போம். மண்டியால் செய்ய முடியாத வேலை அது. ஆனால் அந்தக் கூட்டமும் ராத்திரி எட்டு மணிக்குப் போனை எடுக்க வேண்டும், பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டும். தொடங்கும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காயைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுப் பணத் தேவைக்கு மண்டிக்கே போனால், அடுத்த பறிப்பிலிருந்து காயும் மண்டிக்கே போய்விடும்.

அம்பிளிக்கை ரமா

வேலன் அண்ணன் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் மகளிர் குழுவில் அவசரத்துக்குக் கொடுக்கிறோம், ஆனால் அதிகபட்சம் ஐயாயிரம், பத்தாயிரம். மோட்டாருக்குப் போதும், கல்யாணத்துக்குப் போதாது.

பூங்கொடி அக்கா, பள்ளிக்கூடம் பற்றிச் சொல்ல மறந்தேன். ஊருக்குள் அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் இருக்கின்றன, ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டாம். லீவு நாளில் மகளை விருப்பாச்சிக்குக் கூட்டிப் போங்கள். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கர் ஊர், 1801-ல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான். மணிமண்டபம் இருக்கிறது. வரும் வழியில் மலைவாழைப்பழம் வாங்குங்கள், புவிசார் குறியீடு வாங்கின பழம். சின்னதாக, தோல் கறுத்து இருக்கும், பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள்.

பூங்கொடி

குறித்துக்கொண்டேன் ரமா. காட்டுக்காரன் ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. நான் கொடுக்கும் பயிர்க்கடன் நேராகப் போய் மண்டிப் பற்றை அடைப்பதற்கே போகுமா? எங்கள் பக்கம் நெல்லுக்குக் கொடுத்தால் நடவுக்குப் போகும் என்று ஓரளவு தெரியும்.

காட்டுக்காரன்

பாதி போகும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது கெட்டதா? பற்று அடைத்தவன் அந்தப் பட்டத்துக்கு எந்தக் கடையிலும் இறக்கலாம். பெட்டிக்கு அந்த இருபது ரூபாய் அவனுக்கு மிச்சம். நாலு சதவீத வட்டி கட்டியும் லாபம்தான். கையில் சீட்டை வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வங்கியில் மார்ச் மாதம் வந்தால் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுப்பார்கள், டார்கெட்டாம். எங்களுக்கு அப்போது முருங்கை விலை இல்லாத சமயம், கையில் வந்தது சாப்பாட்டுக்கும் பழைய பற்றுக்கும் போய்விடும். ஆடிப்பட்டத்துக்கு நிலம் உழுகிற சமயத்தில், வைகாசி ஆனியில் கொடுங்கள். செங்காந்தள்காரர்களுக்கும் அதுதான் சரியான சமயம். குத்தகைக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வந்தால் பட்டா இல்லாமல் கொடுக்க விதி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உங்கள் கிளையில் அதைச் செய்தால் என் பக்கத்துக் காட்டுக்காரனை முதல் ஆளாக அனுப்பி வைக்கிறேன்.

பூங்கொடி

விதி இருக்கிறது ஐயா. கூட்டுப் பொறுப்புக் குழு, நாலிலிருந்து பத்துப் பேர் வரை. சேர்ந்ததும் மேலாளரிடம் முதல் வேலையாகக் கேட்கிறேன். அவரை வரச் சொல்லுங்கள், கூட வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

வாரிசு தம்பி, தாராபுரம் ரோட்டில் மாடி வீடு ஒன்று தரகர் சொல்கிறார். வாடகை குறைவு, தொட்டி பெரிது, காற்று நன்றாக வருமாம். கீழே மட்டும் வெங்காயக் குடோனாம். பார்க்கலாமா?

கமிஷன்கடை வாரிசு

வேண்டாம் மேடம். வாடகை ஏன் குறைவு என்று இப்போது தெரிந்திருக்கும். காற்று நன்றாக வரும் என்பது உண்மைதான், எங்கள் ஊர் ஆடிக்காற்றில் முருங்கை மரமே சாயும். ஆனால் மாடிக்கு வருகிற காற்று முழுக்க வெங்காயமாக இருக்கும். வேறு இரண்டு வீடு எனக்குத் தெரியும், தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.